மூடிய வீட்டில் ஓடும் மீட்டர்

"இன்னொரு தடவை அழுத்து."

"இது நாலாவது தடவை, அண்ணி. மூணு தடவையும் ஒரே மாதிரிதான் வந்துச்சு."

"நாலாவதும் வரட்டும். ஒரு வீட்டு மீட்டரை அரைக்கண்ணால பார்த்துட்டு எழுதிக்கிட்டுப் போனா என்னை வேலையில வெச்சிருப்பாங்களா? அழுத்துன்னா அழுத்து."

குருவி அழுத்தினாள். மடிக்கணினித் திரையில் நெட் வேகம் காட்டும் முள் துடித்து எழுந்தது. நாற்பது, எழுபது, தொண்ணூறு என்று ஏறித் தொண்ணூற்றைந்தில் போய் நின்றது.

"தொண்ணூத்தஞ்சு" என்றாள் குருவி.

அண்ணி தன் நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளைப் பார்த்தாள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், டவுன்லோடு நூறு, அப்லோடு பத்து.

"சொன்னது நூறு, தர்றது தொண்ணூத்தஞ்சு. நாலு தடவை சோதிச்சாச்சு. பாவம், நாமதான் அந்தக் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்தோம்."

குருவிக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூன்று நாட்களாக அவள் கணவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. வேற்று மொழி பேசும் தொலைதூர நகரத்தில், உயர்ந்த கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன் அவன். தினமும் மதியம் அழைத்துப் பத்து நிமிடம் பேசுவான். இப்போது அவள் எப்போது அழைத்தாலும், 'வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்ற ஒரே பதில். காலையில் அழைத்தாலும் அது, இரவில் அழைத்தாலும் அது. 'நம்ம வீட்டு நெட்தான் சரியில்லையே, அதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்று நாட்களை ஓட்டிவிட்டாள்.

நெட் சரியாகத்தான் இருக்கிறது என்று இப்போது முள் சொல்லிவிட்டது. இனி எதைச் சொல்லி நான்காவது நாளை ஓட்டுவது?

"என்ன யோசனை? அப்லோடைப் பாரு. உனக்கு வேண்டியது அதுதானே" என்றாள் அண்ணி.

ஆமாம், அதுதான். குருவிக்கு வீட்டிலிருந்தே வேலை. கணவன் வேலை பார்க்கும் ஊரின் மருத்துவமனைகளில் டாக்டர் பேசுவதை நோயாளிக்கும், நோயாளி பேசுவதை டாக்டருக்கும் வீடியோவில் மொழிபெயர்த்துச் சொல்வாள். 'கூட்டாதே, குறைக்காதே, கேட்டதை அப்படியே சொல்' என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. போன வாரம் ஒரு டாக்டர், "இந்த மாத்திரையை" என்று ஆரம்பித்ததுமே லைன் அறுந்துவிட்டது. போடச் சொல்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா? இரண்டு நிமிடம் கழித்து இணைப்பு வந்து எல்லாம் சரியானது. ஆனால் அந்த இரண்டு நிமிடங்களை அவள் இன்னும் கனவில் கண்டுகொண்டிருக்கிறாள்.

அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்கு அவர்களே அவள் லைனைச் சோதிப்பார்கள். அப்லோடு எட்டுக்குக் குறைந்தால் அவள் இடத்துக்கு வேறு ஆள்.

இப்போது மணி இரண்டே கால்.

"அஞ்சு புள்ளி எட்டு" என்று படித்தாள்.

"பத்து தரணும், அஞ்சு முக்கால் வருது. டவுன்லோடுல ஒழுங்கா இருக்கிறவன் அப்லோடுல மட்டும் ஏன் திருடுறான்?" அண்ணி பேனாவின் பின்பக்கத்தால் காதைக் குடைந்தாள். "இது வாசல் குழாயில வர்ற குறை இல்ல. உள்ள எங்கேயோ ஒழுகுது."

அண்ணி, கணவனின் அக்கா. இருபது வருடமாக வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். இன்று அவளுக்கு வார விடுமுறை. உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுகளையும் குழாய்க் கோளாறாகவே அவள் பார்ப்பாள். தம்பியின் கல்யாணப் பேச்சில்கூட, "பொண்ணு நிறையப் பேசுது, வாஷர் மாத்தணும்" என்று சொன்னவள். பெண்ணின் அந்த ஓயாத பேச்சு பிடித்துப்போய்த்தான் கணவன் தன் மனைவிக்குக் குருவி என்று பெயர் வைத்தான். வீடே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

"கம்பெனியில கேட்டா, பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போடுங்கன்னு சொல்றாங்க" என்றாள் குருவி. "அதுக்கு அத்தை விட்டால்தானே."

கூடத்து அலமாரியின் மேல் இருக்கும் நெட் பெட்டியை அவள் நேற்று அணைக்கப் போனபோது, முட்டிவலி என்று அறையைவிட்டு வராத மாமியார் எங்கிருந்து அந்த வேகத்தில் வந்தாரோ தெரியவில்லை. பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். "அணைக்காதே. அணைச்சா திரும்ப வராது. பக்கத்து வீட்டுல அப்படித்தான் ஆச்சு" என்றார். பக்கத்து வீட்டில் நெட்டே கிடையாது.

அண்ணி ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியைப் பார்த்தாள். "ஏய், இதை வந்து பாரேன்."

பெட்டியின் சுவிட்ச் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. ஒன்றல்ல, குறுக்கும் நெடுக்குமாக மூன்று.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அண்ணி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

"அம்மாவுக்கு வயசாகுது" என்றாள். அது அவளுக்கே போதவில்லை என்பது குரலில் தெரிந்தது. "சரி, பெட்டியை விடு. எங்க முறையிலயே பார்ப்போம். எல்லாக் குழாயையும் மூடு. மூடிட்டு மீட்டர் நிக்குதான்னு பாரு."

மூடினார்கள். டிவியின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. அண்ணி தன் போனையும் அலுவலகம் கொடுத்த கையடக்கக் கருவியையும் அணைத்து ஒரு தட்டில் வைத்தாள். குருவி தன் போனை அணைத்தாள். அணையும்போது அது ஒரு சின்ன ஓசை எழுப்பும். இந்த நிமிடத்தில் அவன் அழைத்துவிட்டால் என்ன செய்வது?

வீடு புதிதாக அமைதியானது. ஃபிரிட்ஜின் முனகல் கேட்டது. மாமியாரின் அறைக் கதவு மூடியிருந்தது.

"இப்ப அழுத்து."

முள் ஏறியது. ஏழு புள்ளி ஒன்று.

"இன்னொரு தடவை."

ஏழு.

"எல்லாத்தையும் மூடியாச்சு" என்றாள் அண்ணி. பேனா நோட்டின் மேல் நின்றது. "பத்து வரணும், ஏழுதான் வருது. மூணு எங்க போகுது?"

அலமாரியின் மேல் பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போய்க்கொண்டே இருந்தது. குருவி தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"எனக்கு இது பிடிக்காது" என்றாள் அண்ணி, அவளுக்குப் பழக்கமில்லாத தாழ்ந்த குரலில். "பூட்டின வீட்டுல மீட்டர் சுத்துறது. ஒரு தடவை அப்படித்தான். வீடு பூட்டியிருக்கு, மீட்டர் மட்டும் நிதானமா சுத்துது. தட்டினேன், பதில் இல்ல. எழுதிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். மனசு கேக்கல, திரும்பி வந்து ஆளுங்களைக் கூப்பிட்டேன். குளியலறையில விழுந்து கிடந்தாரு அந்த மனுஷன். குழாய் திறந்தபடி. மூணு நாளா."

"உயிரோட இருந்தாரா?"

"அந்தக் கதை இப்ப உனக்கு வேண்டாம். இந்தப் பெட்டியில யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு பார்க்க வழி இருக்கா?"

இருந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை அண்ணி எழுத்து எழுத்தாகப் படிக்க, குருவி அடித்தாள். ஒரு பக்கம் திறந்தது. 'இணைந்துள்ள கருவிகள்: 2.'

முதலாவது அவள் மடிக்கணினி.

இரண்டாவதின் பெயர், குருவி.

அவள் தன் கையில் இருந்த போனைப் பார்த்தாள். திரை இருட்டாக இருந்தது. அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

"உன் போனை அணைக்கலையா?"

"அணைச்சுட்டேன். பாருங்க. அது இது இல்ல, அண்ணி. இந்தப் போனுக்கு வெறும் நம்பர்தான் பேரா வரும்."

"அப்ப அது யாரு?"

திரையில் அந்தப் பெயர் சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு குருவி இந்த வீட்டுக்குள் எங்கோ இருந்துகொண்டு, இந்த நிமிடமும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் கணவன் வாங்கித் தந்த போன். "பேரு என்ன வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு அவனே அப்படிப் பதிந்தான். கீழே விழுந்து திரை விரிசல் விட்டதும் புதியது வாங்கிக்கொண்டாள். பழையது அலமாரியின் கீழ் இழுப்பறையில் இரண்டு வருடமாகத் தூங்கியது.

இழுப்பறையைத் திறந்தாள். பழைய சாவிகள், ரப்பர் வளையங்கள், தீர்ந்த பேட்டரிகள். போன் இல்லை. அதன் சார்ஜரும் இல்லை.

அண்ணி ஏற்கெனவே மாமியாரின் அறைக் கதவருகே நின்றிருந்தாள். மண்ணுக்குள் ஒழுகும் குழாயைக் கண்டுபிடிக்க இரும்புக் கம்பியை ஊன்றிக் காது வைப்பாளே, அதே நிதானத்தோடு கதவில் காதை வைத்தாள். குருவியும் போய்ப் பக்கத்தில் காதை வைத்தாள்.

உள்ளே மாமியார் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டரை ஆச்சு. சாப்பிட்டியா? வெயில் சுவருக்கு வந்துடுச்சு பாரு."

பதில் வரவில்லை. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் ஓர் இடைவெளி. பிறகு, "சரி, சரி. மெதுவா வா" என்றார்.

அண்ணி கதவைத் தள்ளினாள்.

மேஜை முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார் மாமியார். தைல பாட்டில் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது அந்தப் பழைய போன். சார்ஜர் வயர் சுவருக்குப் போனது. அவர் திடுக்கிடவில்லை. போனுக்கும் அவர்களுக்கும் நடுவே தன் கையை வைத்துக்கொண்டார், சூடான பாத்திரத்தைப் பிள்ளைகள் தொட வரும்போது வைப்பதுபோல.

"அதைத் தொடாதீங்க."

"யாரும்மா அது?" என்றாள் அண்ணி.

குருவி எட்டிப் பார்த்தாள். விரிசலுக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் ஒரு கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டு அவன் பயணப் பெட்டியில் வைத்தாள். மேஜை விளிம்பில் பாதித் தண்ணீர் இருந்த கிளாஸ். அப்பால் ஒரு மூடிய கதவு.

நாற்காலியில் யாரும் இல்லை.

"அத்தை, அவர் எங்க?"

மாமியார் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அவன்தான் கேட்டான். கூட வேலை பார்த்த பையன் மேலேருந்து விழுந்துட்டான். இவன் கண்ணு முன்னாடி. அதுலேருந்து கண்ணாடியைத் தொட்டாலே கை நடுங்குதுன்னு வேலைக்கே போகல. ரூம்ல தனியா இருக்க பயமா இருக்கும்மா, போனை வெச்சுட்டு சும்மா எதிர்ல இரு, பேசக்கூட வேண்டாம்னான். ஒன்பது நாளா வெச்சிருக்கேன்."

"என்கிட்ட தினமும் வேலை நல்லா போகுதுன்னு சொன்னாரே."

"உன்கிட்ட பேசுறதுக்கு மட்டும் இதை கட் பண்ணுவான். பேசி முடிச்சதும் திரும்பக் கூப்பிடுவான். அவகிட்ட சொல்லாதேம்மா, பயந்துடுவான்னான்."

ஒன்பது நாட்கள். அவளுடைய லைன் தடுமாறத் தொடங்கியதும் அப்போதுதான். ஆறு அடி தள்ளி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அவள் கணவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவளோ வாடிக்கையாளர் சேவையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பப் போனார்?"

"மூணு நாள் முன்னாடி சாயங்காலம். 'இதோ வரேம்மா, அஞ்சு நிமிஷம்'னு சொன்னான். சட்டைகூட மாத்தல. கதவைச் சாத்திட்டுப் போனான்." மாமியாரின் கண்கள் திரையை விட்டு நகரவில்லை. "போனை எடுத்துட்டுப் போகல, சார்ஜர்ல போட்டபடியே வெச்சுட்டுப் போனான். அப்ப வருவான்னுதானே அர்த்தம்?"

"மூணு நாளா இதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கியே, வாயைத் திறந்து சொல்லக் கூடாதாம்மா?" என்றாள் அண்ணி. "பெட்டிக்குப் பிளாஸ்திரி போடத் தெரியுது."

"சொன்னா, தேடணும்னு ஆயிடும்" என்றார் மாமியார். "தேடினா, காணோம்னு ஆயிடும்."

அண்ணி அதற்குமேல் நிற்கவில்லை. கூடத்துக்கு ஓடிப் போனை உயிர்ப்பித்துத் தம்பியின் மேஸ்திரியை அழைத்தாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் கரகரத்தது.

"அவனா? ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி பதிமூணு நாள் ஆச்சேம்மா. அங்க வரலையா?"

அவன் ஊருக்கு வரவில்லை, மூன்று நாட்களாக அறையிலும் இல்லை என்றாள் அண்ணி.

"ரூமுக்கு ஆள் அனுப்புறேன்" என்றார் மேஸ்திரி, குரல் மாறி. "சைட்லேருந்து தூரம்மா. ரெண்டரை மணி நேரமாவது ஆகும். போனைப் பக்கத்துலயே வெச்சிருங்க."

ஒரு மணி நேரம் போய் மணி மூன்றரை ஆனது. அண்ணி தெரிந்த எண்களுக்கெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தாள். குருவி மாமியாரின் பக்கத்தில் கட்டிலில் அமர்ந்து திரையைப் பார்த்தாள். அந்த அறையின் சுவரில் வெயில் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. கிளாஸில் தண்ணீர் அசையாமல் இருந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு காலி நாற்காலியை இடைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கத்தான் அந்தப் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

கூடத்தில் மடிக்கணினி ஒருமுறை மணியடித்தது. சோதனைக்கு இன்னும் பத்து நிமிடம் என்ற நினைவூட்டல்.

"அத்தை, நீங்க தெரியற கேமராவை மட்டும் அணைக்கிறேன். அதுதான் லைனை இழுக்குது. அவர் ரூம் நமக்குத் தெரியும்."

விரலை நீட்டினாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்த பலம் அவளை அச்சுறுத்தியது.

"விரிசல்ல தொட்டா போன் தானா கட் ஆயிடும். போன வாரம் ஆச்சு. அப்ப அங்க அவன் இருந்தான், எடுத்தான். இப்ப கட் ஆச்சுன்னா யாரு எடுப்பா?"

குருவி கையை இழுக்கவில்லை. மடக்கிக்கொள்ளவும் இல்லை. எட்டு வேண்டும், ஏழு இருக்கிறது. வித்தியாசம் முழுவதும் இந்த வயதான முகம்தான். அவன் திரும்பி வந்து பார்க்கும்போது தெரிவதற்காக மூன்று நாட்களாக வெளிச்சத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் முகம்.

"நேத்து மதியம் அந்தக் கதவை யாரோ தட்டினாங்க" என்றார் மாமியார் திடீரென்று. "வெளியிலேருந்தே ஏதோ சொன்னாங்க. ரொம்ப நேரம் சொன்னாங்க. எனக்கு அந்த பாஷை தெரியலையே. நான் இங்கேருந்து, அவன் இல்லைங்க, அவன் இல்லைங்கன்னு கத்தினேன். போயிட்டாங்க."

"என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கா?"

மாமியார் தலையை ஆட்டினார். உதடுகள் அந்தச் சத்தங்களைத் தேடின, கிடைக்கவில்லை.

அப்போது போனிலிருந்து ஓசை வந்தது.

டொக், டொக்.

அண்ணி பேச்சை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். மேஸ்திரியின் ஆள் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

மறுபடியும் தட்டினார்கள், இந்த முறை உள்ளங்கையால். திரையில் கதவு அதிர்ந்தது. நாற்காலியில் இருந்த சட்டையின் கை லேசாக ஆடியது. பிறகு ஓர் ஆண் குரல். நிதானமான, மரியாதையான, சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். முதலில் கணவனின் முழுப்பெயரைச் சொன்னது. உள்ளே அவன் வீட்டார் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டது. பிறகு, அவசரமில்லாமல், மூன்று வாக்கியங்கள்.

குருவிக்கு அந்த மொழி தாய்மொழி மாதிரி. ஒவ்வொரு சொல்லும் அவளுக்குள் போய் இடம் பிடித்து உட்கார்ந்தது. டாக்டர்கள் வீட்டாரைத் தனியாக அழைத்துச் சொல்லும்போது அவள் எத்தனையோ முறை மொழிபெயர்த்த அதே வகை வாக்கியங்கள்.

கூடத்தில் மடிக்கணினி ஒலிக்கத் தொடங்கியது. மணி நான்கு.

யாரும் எழுந்து போகவில்லை. மாமியார் மூன்று நாட்களில் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து மருமகளைப் பார்த்தார். பிடித்திருந்த மணிக்கட்டை விட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீ ஆஸ்பத்திரிக்காரங்களுக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் சொல்லும்மா" என்றார். "கூட்டாம, குறைக்காம. அவர் என்ன சொல்றார்?"